தக்கர் எதிர் கிரேஸ்ஃபீல்டு டெவலப்மென்ட்ஸ் வழக்கு

தக்கர் எதிர் கிரேஸ்ஃபீல்டு டெவலப்மென்ட்ஸ் என்பது ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் 2019 மார்ச் 20 அன்று தீர்ப்பளித்த ஓர் உரிமையியல் வழக்கு ஆகும். நில மேம்பாடு தொடர்பான பிணக்கு ஒன்றில் 2010 இல் முடிவடைந்த வழக்கை, மோசடியைக் காரணம் காட்டி மீண்டும் திறக்க முடியுமா என்பது இதில் ஆராயப்பட்டது. தீர்ப்பை நீக்கக் கோருபவர், அந்த மோசடியை முதல் விசாரணையிலேயே கண்டறிய உரிய முயற்சி எடுத்ததாக மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

பின்னணி

வாதியான பெண்மணிக்கு இங்கிலாந்தின் கோவென்ட்ரி பகுதியில் பல சொத்துக்கள் இருந்தன. அவர் பணநெருக்கடியில் இருந்தபோது, உறவினர் ஒருவரும் அவருடைய கணவரும் உதவ முன்வந்தனர். சொத்துக்கள் கிரேஸ்ஃபீல்டு நிறுவனத்தின் பெயருக்கு மாற்றப்பட்டன.

மாற்றத்தின் நோக்கம் குறித்து இரு தரப்பினரும் வேறுபட்டனர். பெயர் மட்டுமே மாறியது, பயனுரிமை தன்னிடமே இருந்தது, பழுதுபார்ப்புச் செலவை வாடகையிலிருந்து ஈடுசெய்வதே ஏற்பாடு என்றார் வாதி. இது ஒரு கூட்டு முயற்சி என்றும், சொத்துக்களை மேம்படுத்தி விற்றபின் வாதிக்கு 3,00,000 பவுண்டு கொடுத்து, எஞ்சும் இலாபத்தைச் சமமாகப் பகிர்வதே உடன்பாடு என்றும் எதிர்த்தரப்பினர் கூறினர்.

முதல் வழக்கு

வாதி 2008 இல் வழக்குத் தொடுத்தார். இலாபப் பகிர்வு ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை எதிர்த்தரப்பினர் முன்வைத்தனர். அதில் வாதியின் கையொப்பம் காணப்பட்டது. மூல ஆவணம் கிடைக்கவில்லை. கையெழுத்து வல்லுநரைக் கொண்டு அதனை ஆய்வு செய்ய வாதி அனுமதி கேட்டார். விண்ணப்பம் காலந்தாழ்ந்து வந்தது எனக் கூறி நீதிமன்றம் மறுத்தது. விசாரணையில், அக்கையொப்பம் தன்னுடையது அன்று என உறுதியாகக் கூற வாதியால் இயலவில்லை. அது அங்கு எவ்வாறு வந்தது என்பதையும் விளக்க இயலவில்லை. மோசடிக் குற்றச்சாட்டு எழுப்பப்படவில்லை. 2010 இல் வழக்கு தள்ளுபடியானது.

தீர்ப்புக்குப் பின்னர் ஆவணத்தை ஆராய்ந்த வல்லுநர், அக்கையொப்பம் வாதி எழுதிய வேறொரு கடிதத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது என்று கருத்துத் தெரிவித்தார். இதன் அடிப்படையில் 2010 ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கக் கோரி, 2013 இல் வாதி புதிய வழக்கைத் தொடுத்தார்.

சட்டச் சிக்கல்

இரண்டு பழைய நெறிகள் இவ்வழக்கில் ஒன்றோடொன்று மோதின. வழக்குகளுக்கு ஒரு முடிவு வேண்டும் என்பது முதலாவது. தோற்றவர் ஒவ்வொரு முறையும் புதுச் சான்றுடன் திரும்பி வந்தால், வென்றவருக்கு ஒருபோதும் நிம்மதி இராது. மோசடியால் பெறப்பட்ட எதுவும் நிலைக்கக்கூடாது என்பது இரண்டாவது.

எதிர்த்தரப்பினர் முதல் நெறியைச் சார்ந்து நின்றனர். நகல் ஆவணம் விசாரணைக்கு முன்பே வாதியின் கையில் இருந்தது; ஆய்வை உரிய காலத்தில் செய்திருக்கலாம் என்பது அவர்களின் வாதம்.

நீதிமன்றங்களின் முடிவுகள்

2015 இல் உயர் நீதிமன்றம் இந்த வினாவில் வாதிக்குச் சாதகமாக முடிவு செய்தது. 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றி, உரிய முயற்சி எடுத்ததை மெய்ப்பிப்பது கட்டாயம் என்றது. ஏழு நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்றம் வாதியின் மேன்முறையீட்டை ஒருமனதாக ஏற்றது.

கெர் பிரபு முதன்மைத் தீர்ப்பை எழுதினார். மோசடி செய்தவர், தன் எதிரி விழிப்பாக இல்லாததைக் காட்டித் தப்புவது நீதிக்கு முரணானது என்பது அவர் கருத்தின் சாரம். எதிர்த்தரப்பினர் நேர்மையாக நடப்பர் என நம்பும் உரிமை வழக்காடுபவருக்கு உண்டு என சம்ப்ஷன் பிரபு விளக்கினார். மோசடி என்பது முதல் வழக்கில் தீர்மானிக்கப்படாத புதிய வினா என்பதால் முன்தீர்ப்புத் தடை பொருந்தாது என்றும் அவர் கூறினார். பிரிக்ஸ் பிரபு முடிவை ஏற்றாலும், ஒரே விதியை விட, சூழ்நிலைகளை எடைபோட்டுப் பார்க்கும் நெகிழ்வான முறையே பொருத்தமானது என்றார்.

தீர்ப்பின் எல்லை

தோற்ற எவரும் வழக்கை மீண்டும் திறக்கலாம் என்பது இதன் பொருள் அன்று. பின்வருவனவற்றை அவர் மெய்ப்பிக்க வேண்டும்:

* எதிர்த்தரப்பில் அறிந்தே செய்யப்பட்ட நேர்மையின்மை இருந்தது.
* அந்த நேர்மையின்மை முதல் தீர்ப்புக்கு முக்கியக் காரணமாக அமைந்தது.
* சான்று புதியது. முதல் விசாரணையில் நீதிமன்றத்தின் முன் வராதது.

மோசடி முதல் விசாரணையிலேயே எழுப்பப்பட்டிருந்தாலோ, அதனை ஆராய வேண்டாம் என வேண்டுமென்றே முடிவெடுக்கப்பட்டிருந்தாலோ நிலைமை வேறாகலாம் என கெர் பிரபு குறிப்பிட்டார்.

பின் நிகழ்வுகள்

உச்ச நீதிமன்றம் மோசடி நடந்ததாகத் தீர்மானிக்கவில்லை. அதனை விசாரிக்கலாம் என்று மட்டுமே கூறியது. அவ்விசாரணைக்குப் பின் 2020 இல் உயர் நீதிமன்றம், 2010 ஆம் ஆண்டுத் தீர்ப்பு மோசடியால் பெறப்பட்டது எனக் கண்டு அதனை நீக்கியது.