நிறுவனச் சராசரி எரிபொருள் சிக்கனத் தரங்கள்

நிறுவனச் சராசரி எரிபொருள் சிக்கனத் தரங்கள் என்பவை, ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்படும் தானுந்துகள் ஒரு கேலன் எரிபொருளில் சராசரியாக எத்தனை மைல் ஓட வேண்டும் எனத் தயாரிப்பு நிறுவனங்களுக்கு அரசு விதிக்கும் அளவுகள் ஆகும். 1973 எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து, 1975 ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை ஏற்படுத்தியது. பயணிகள் தானுந்துகளுக்கு 1978 இல் 18 மைலாக இருந்த அளவு, 1985 இல் 27.5 ஆக உயர்ந்தது.

ஒரே தொலைவுக்குச் செலவாகும் எரிபொருளே கணக்கிடப்படுவதால், இங்கு இசைச் சராசரி பயன்படுகிறது. எடுத்துக்காட்டாக, 20 மைல், 40 மைல் ஓடும் இரு வண்டிகளின் சராசரி 30 அன்று, 26.7 ஆகும்.

இலகு சுமையுந்துகளுக்குத் தரம் தளர்வாக இருந்தது. அவ்வகையில் சேர்க்கப்பட்ட எஸ்.யூ.வி. வண்டிகள் 1990களில் பெருகியதால் சேமிப்பு குறைந்தது. தரத்தை எட்டாத நிறுவனங்களுக்கான அபராதம் 2025 ஆம் ஆண்டுச் சட்டத்தால் சுழியமாக்கப்பட்டது.