தோட்டக்காரருக்காகப் பிறந்த கொதிகலன்

பவேரியாவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது ஹோஃப் என்னும் ஊர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917இல், யோஹான் ஃபீஸ்மன் அங்கே ஒரு பட்டறை போட்டார். பூட்டு வேலை, இரும்பு வேலை என்று போய்க்கொண்டிருந்த அந்தப் பட்டறையின் பாதையை 1928இல் ஒரு தோட்டக்காரரின் குறை திருப்பிவிட்டது.

கண்ணாடிக் குடிலில் செடி வளர்ப்பவருக்கு உறைபனி இரவுதான் எமன். வெளியே குளிர் இறங்கினால் உள்ளே சூடு உடனே ஏற வேண்டும். வெயில் வந்தால் உடனே தணியவும் வேண்டும். அன்றைய வார்ப்பிரும்புக் கொதிகலன்களோ கனத்த தோசைக்கல் மாதிரி. சூடேறவே நேரம் பிடிக்கும், அதற்குள் எரிபொருளையும் தின்றுவிடும். யோஹான் அந்தத் தோட்டக்காரருக்காக எஃகில் ஒரு கொதிகலன் செய்தார். சீக்கிரம் சூடேறியது, எரிபொருளும் குறைந்தது. செடிகளுக்குச் சரிப்பட்டது வீடுகளுக்கும் சரிப்பட்டது. நிலவறையில் நீரைக் காய்ச்சி, குழாய் வழியே அறைக்கு அறை ரேடியேட்டருக்கு அனுப்பும் ஜெர்மானிய வீடுகள் அதற்குச் சந்தையாயின. 1937இல் தொழில் ஹெஸ்ஸன் பகுதியில் ஏடர் ஆற்றங்கரை ஊரான அல்லெண்டோர்ஃபுக்குக் குடிபெயர்ந்தது.

1947இல் மகன் ஹான்ஸ் பொறுப்பேற்றார். நாடு இடிபாடுகளுக்கு மேல் வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். நிலக்கரி அள்ளிப்போட்டுச் சாம்பல் வாரி அலுத்த குடும்பங்கள் எண்ணெய்க்கு மாறத் தொடங்கின. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் மாறிவிட மாட்டார்கள். எனவே, 1950களின் பிற்பகுதியில் கரி, எண்ணெய் இரண்டையும் ஏற்கும் கொதிகலன் அல்லெண்டோர்ஃபிலிருந்து வந்தது. எரிபொருள் மாறும்போது வாடிக்கையாளரின் தயக்கத்துக்கும் இடம் விட்டுப் பொருள் செய்வது இந்த வீட்டின் பாணியாயிற்று.

1973இல் எண்ணெய் விலை ஏறியதும் ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. நீரைக் குறைந்த சூட்டில் ஓடவிட்டால் எண்ணெய் மிச்சம். ஆனால் அங்கே ஒரு சிக்கல்: கொதிகலனின் சுவர் சூடு தணிந்தால் புகையில் உள்ள நீராவி அதன்மேல் குளிர்ந்து அமில நீராகிறது, எஃகை அரித்துவிடுகிறது. இதற்கு ஹான்ஸ் காலத்தில் கண்ட தீர்வு, உள்ளே வார்ப்பிரும்பு, வெளியே எஃகு என்று இரண்டையும் இணைத்த சுவர். தந்தை ஒதுக்கிய உலோகத்தை மகன் திரும்ப அழைத்துக்கொண்டார்.

1990களின் தொடக்கத்தில் தலைமைக்கு வந்தவர் ஹான்ஸின் மகன் மார்ட்டின். எரிவாயு பரவிய காலம் அது. புதிய வகைக் கொதிகலன்கள் புகையை வேண்டுமென்றே குளிரவைத்து, நீராவி நீராகும்போது விடும் வெப்பத்தையும் பிடித்துக்கொண்டன. அமில நீரைத் தாங்கத் துருப்பிடிக்காத எஃகு இருந்தது. ஒரு தலைமுறை அஞ்சிய ஈரம் அடுத்த தலைமுறைக்கு வரவாகிவிட்டது.

நான்காம் தலைமுறை மாக்ஸ் ஃபீஸ்மனுக்கு வாய்த்த மாற்றம் வேறு வகையானது. ஜெர்மனியில் ஏறத்தாழப் பாதி வீடுகள் எரிவாயுவில் சூடேறுபவை. 2022இல் ரஷ்ய எரிவாயு நின்றது. அடுத்த ஆண்டு வசந்தத்தில், புதிதாகப் பொருத்தும் வெப்பமூட்டிகள் 65 சதவீதமாவது புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இயங்க வேண்டும் என்ற சட்ட முன்வரைவால் நாடே இரண்டுபட்டது. முன்னுக்கு வந்து நின்றது ஹீட் பம்ப். அது எதையும் எரிப்பதில்லை. வெளிக்காற்றிலோ மண்ணிலோ உள்ள வெப்பத்தை மின்சாரத்தின் துணையோடு வீட்டுக்குள் கடத்துகிறது. ஃபீஸ்மன் நிறுவனம் 1970களிலேயே தொட்டுப் பார்த்த தொழில்நுட்பம்தான். ஆனால் ஏர் கண்டிஷனரும் ஹீட் பம்ப்பும் ஒரே இயந்திரக் குடும்பம். ஏசியை லட்சக்கணக்கில் செய்து பழகிய ஆசிய நிறுவனங்களுக்கு அது கைவந்த கலை. அவற்றோடு மோதப் பெரும் முதலீடு வேண்டும்.

2023 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது: வெப்பமூட்டும் தொழிலை அமெரிக்காவின் கேரியர் நிறுவனம் 1,200 கோடி யூரோவுக்கு வாங்குகிறது. விலையில் 80 சதவீதம் ரொக்கம், மீதி கேரியரின் பங்குகள். மாக்ஸுக்குக் கேரியரின் இயக்குநர் குழுவில் இடம். அல்லெண்டோர்ஃப் பத்தாண்டுகளுக்குத் தலைமையகமாக நீடிக்கும் என்ற உறுதியும் உண்டு. எதிர்காலத் தொழிலைக் கைமாற்றிவிட்டார்களே என்று அரசியல்வாதிகள் சிலர் கொதித்தார்கள். 2024 ஜனவரித் தொடக்கத்தில் விற்பனை முடிந்தது.

இதைக் குடும்பத்தின் தோல்வி என்று நான் எண்ணவில்லை. கரியிலிருந்து எண்ணெய்க்கும், எண்ணெயிலிருந்து வாயுவுக்கும் மாறியபோதெல்லாம் நெருப்பு இருந்தது; நெருப்பைச் சுற்றிச் சுவர் எழுப்பும் வித்தை அவர்கள் கையில் இருந்தது. நெருப்பே தேவையில்லை என்றானபோது அந்த வித்தைக்குப் பழைய மதிப்பு இல்லை. அது தெரிந்து, கேட்டவர் நல்ல விலை தரும் வேளையில் கொடுத்துவிட்டார்கள். 1928இல் வாடிக்கையாளரின் தேவையைக் காது கொடுத்துக் கேட்ட அதே வியாபார புத்திதான் இதிலும் வேலை செய்திருக்கிறது.