ஊராட்சித் தலைவியும் தனித்தொகுதி எம்எல்ஏவும்: இரண்டு ஆய்வுகள்

அரசியல் அறிவியல் படிக்க வருகிறவர்களில் பலருக்குப் புள்ளியியல் தாள் என்றாலே வயிற்றைக் கலக்கிவிடும். மென்பொருளில் கட்டளையை அடித்து, வரும் p-மதிப்பு 0.05-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதோடு தலைமுழுகிவிடுகிறார்கள். ஒரே கேள்விக்கு இருவேறு வழிகளில் விடை தேடிய இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் படித்தால் அந்தப் பயம் தெளியும் என்பது என் நம்பிக்கை. அதற்கு இந்தியாவின் இடஒதுக்கீட்டைப் பற்றிய இரண்டு ஆய்வுகளையே பரிந்துரைப்பேன். ராகபேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004-இல் வெளியிட்டது ஒன்று. நார்வேயைச் சேர்ந்த பிரான்செஸ்கா யென்செனியஸ் 2015-இல் வெளியிட்டது மற்றொன்று. ஒதுக்கீட்டால் பதவிக்கு வந்தவர்கள் தங்கள் மக்களுக்கு எதையாவது மாற்றினார்களா என்பதே இரண்டிலும் கேள்வி. முதல் ஆய்வு ‘ஆம்’ என்றது. இரண்டாவது, ‘கண்ணில் படும்படி இல்லை’ என்றது.

முதல் ஆய்வு ஊராட்சிகளைப் பற்றியது. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபின், ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு என்றானது. எந்த ஊராட்சி என்பதை மேற்கு வங்கத்தில் எந்த அரசியல்வாதியும் தேர்ந்தெடுக்கவில்லை. ஊராட்சிகளை எண் வரிசையில் அடுக்கி, மூன்றுக்கு ஒன்றாக எடுத்தார்கள். ஆய்வின் உயிர் இந்த விதியில் இருக்கிறது. பெண்கள் ஏற்கெனவே செல்வாக்கோடு இருந்த ஊர்களாகப் பார்த்து ஒதுக்கியிருந்தால், பின்னால் தெரிந்த மாற்றம் தலைவியால் வந்ததா, ஊரின் குணத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வரிசை எண்ணுக்கு ஊரின் குணம் தெரியாது.

இந்த ஆய்வின் மேற்கு வங்கத் தரவைக் கொசுகே இமாய் 2017-இல் எழுதிய பாடநூல் மாணவர்களின் கைக்கே கொடுத்திருக்கிறது. 161 ஊராட்சிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கிராமங்கள், ஆக 322 வரிசைகள். ஒதுக்கப்பட்ட ஊராட்சியா, தலைவர் பெண்ணா, புதிதாக அமைத்த அல்லது பழுதுபார்த்த குடிநீர் வசதிகள் எத்தனை, பாசன வசதிகள் எத்தனை என்று நான்கே விவரங்கள். ஒதுக்கீடு இல்லாத ஊர்களில் குடிநீர் வசதிகளின் சராசரி 14.74, ஒதுக்கீடு உள்ள ஊர்களில் அதைவிட 9.25 கூடுதல். பாசனத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அதே தரவை ரிக்ரஷனில் ஓட்டினால் வெட்டுத்துண்டு 14.74, சாய்வு 9.25 என்று அந்த இரண்டு எண்களே திரும்பி வரும். ரிக்ரஷன் என்ற பெயரைக் கேட்டு மிரண்ட மாணவருக்கு, அது இந்த இடத்தில் இரண்டு சராசரிகளைக் கழிப்பதுதான் என்று திரையிலேயே தெரிந்துவிடுகிறது. ஒரு வகுப்புக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஏன் குடிநீர்? பெண்கள் ஊராட்சிக்குக் கொண்டுவந்த புகார்களில் குடிநீர் முன்னே நின்றது. ராஜஸ்தானிலும் இதே ஆய்வை நடத்தினார்கள். அங்கே சாலை ஆண்களின் கவலையாக இருந்தது. தலைவிகள் இருந்த ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதலாகவும் சாலைக்குக் குறைவாகவும் செலவானது. மேற்கு வங்கத்தில் சாலை பெண்களின் கோரிக்கையாகவும் இருந்தது. அங்கே சாலைப் பணியும் கூடியது. எண்கள் புகார்களோடு சேர்ந்து நகர்வதால்தான் முடிவு வலுப்பெறுகிறது.

யென்செனியஸ் எடுத்துக்கொண்டவை சட்டமன்றத் தனித்தொகுதிகள். இங்கே எண் வரிசை கிடையாது. பட்டியல் சாதியினரின் விகிதம் ஒப்பீட்டளவில் கூடுதலாக உள்ள இடங்களில், ஆனால் மாநிலத்தின் ஒரே மூலையில் குவியாமல், தனித்தொகுதிகள் அமைய வேண்டும் என்கிறது தொகுதி மறுவரையறைச் சட்டம். ஆகவே தனித்தொகுதியையும் பொதுத்தொகுதியையும் அப்படியே ஒப்பிட்டால் தப்பாகப் போகும். தொடக்கத்திலேயே இரண்டும் வேறு வேறு.

அதே சட்டத்தில் ஒரு வழியும் ஒளிந்திருக்கிறது. பல பகுதிகளிலும் பரவ வேண்டும் என்பதால், ஓரிடத்தில் 25 விழுக்காடு பட்டியல் சாதியினர் உள்ள தொகுதி தனித்தொகுதியாகலாம். அவர்கள் இன்னும் அடர்த்தியாக வாழும் வேறோர் இடத்தில் அதே 25 விழுக்காட்டுத் தொகுதி பொதுத்தொகுதியாகவே நின்றுவிடலாம். 1971 கணக்கெடுப்பின்படி இப்படி ஒத்திருந்த தொகுதிகளை ஜோடி சேர்த்து, 30 ஆண்டுகள் கழித்து 2001-இல் அவை எங்கே நிற்கின்றன என்று பார்த்தார். 15 மாநிலங்கள், 3,100-க்கும் மேற்பட்ட தொகுதிகள். ஒட்டுமொத்த வளர்ச்சியிலோ பட்டியல் சாதியினருக்குக் கிடைத்த பங்கிலோ கண்டறியத்தக்க விளைவு எதுவும் தென்படவில்லை.

என் சாய்வு இந்த இரண்டாவது ஆய்வின் பக்கம். கணக்கு முதலாவதில் சுத்தமாக இருக்கிறது, உண்மை. ஆனால் அரசியலில் நாம் கேட்க விரும்பும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றில் ஒன்று என்ற விதி வாய்ப்பதில்லை. ஜோடி சேர்க்கும்போது அளந்தவற்றில்தான் ஒற்றுமை காண முடியும். அளக்காதது வெளியே நின்றுகொண்டே இருக்கும். அதனால் யாரோ ஒருவர் பல பத்தாண்டுகளுக்கு முன் எந்த விதிப்படி எல்லைக்கோடு போட்டார் என்று தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தேடலைத்தான் நம் வகுப்புகள் கற்றுத்தராமல் விட்டுவிடுகின்றன.

முடிவுகள் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு விடை நிறுவனங்களில் இருக்கிறது. ஊராட்சித் தலைவியின் கையில் பணி ஒதுக்கீடு இருக்கிறது. தனித்தொகுதி எம்எல்ஏ பலரில் ஒருவர், கட்சிக்குக் கட்டுப்பட்டவர். 1932 பூனா ஒப்பந்தத்தின் கூட்டு வாக்காளர் முறைப்படி, எல்லாச் சாதியினரின் வாக்கும் சேர்ந்தால்தான் அவர் வெல்ல முடியும்; பெரும்பாலான தனித்தொகுதிகளில் மற்றவர்களே பெரும்பான்மை. கண்டறியத்தக்க விளைவு இல்லை என்பதை ‘தனித்தொகுதி வீண்’ என்று படிப்பது பெரிய அநியாயம். பட்டியல் சாதி அரசியல்வாதிகளிடம் மற்றவர்கள் பழகும் விதம் மாறியதைத் தன் 2017 நூலில் யென்செனியஸே பேசுகிறார். தொகுதிவாரி எழுத்தறிவு விகிதத்தில் அது தெரியாது.

இமாயின் பாடநூல் மாணவரை முதலில் செய்யச் சொல்வது குடிநீர்க் கணக்கை அல்ல. ஒதுக்கப்பட்ட ஊர்களில் தலைவர் உண்மையிலேயே பெண்தானா என்று பார்க்கச் சொல்கிறது. விடை நூறு விழுக்காடு. ஒதுக்கீடு இல்லாத ஊர்களில் ஏறத்தாழ 7.5 விழுக்காடு. வெறும் சம்பிரதாயமாகத் தோன்றும் இந்தப் படியின் அருமை நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு என்று 1996-இல் அறிவிக்கப்பட்டது. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் வேட்புமனு வராமலும், வென்றவர் விலகியும், முறையான தலைவர் இல்லாமலே பத்தாண்டுகள் கடந்தன. 2006-இல்தான் அது மாறியது. அந்த ஆண்டுகளுக்கு ஒரு தரவுக்கோப்பு தயாரித்தால், ‘ஒதுக்கீடு’ என்ற பத்தியில் நான்கு ஊர்களுக்கும் 1 என்றுதான் வரும். ‘தலைவர் யார்’ என்பதற்கு இன்னொரு பத்தி போட்டால்தான் நடந்தது தெரியும்.