கோழி கொடுத்த 'பி'

பி செல், டி செல் என்று பிளஸ் டூவில் உருப்போட்டிருப்போம். அந்த 'பி' எங்கிருந்து வந்தது தெரியுமா? கோழியின் பின்புறத்திலிருந்து! சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

கோழிக்குக் குடல் முடியும் இடத்தில் 'பர்சா' என்று ஒரு சின்னப் பை உண்டு. அது எதற்கென்று நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. 1950களில் அமெரிக்காவின் ஒஹையோவில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர் அதை வெட்டியெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு மாணவர் திமோத்தி சாங், ரத்தத்தில் ஆன்டிபாடி உண்டாவதை வகுப்பில் காட்டுவதற்காக அந்தக் கோழிகளில் சிலவற்றை வாங்கிப்போனார். கிருமியை ஊசியில் ஏற்றியும் பல கோழிகளில் ஆன்டிபாடியே இல்லை. வகுப்பு சொதப்பல். பார்த்தால், அவையெல்லாம் பை எடுத்த கோழிகள்!

'சயின்ஸ்' இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1956-ல் அது வந்தது 'பவுல்ட்ரி சயின்ஸ்' என்ற கோழி வளர்ப்பு இதழில். டாக்டர்கள் அதை எங்கே படிக்கப்போகிறார்கள்?

1961-ல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த எலிக்குட்டிகளின் நெஞ்சிலிருந்து தைமஸ் சுரப்பியை எடுத்தார். அவையும் நோயில் விழுந்தன. அப்படியானால் ஆன்டிபாடி செய்வது யார்?

1966-ல் டென்வரில் ஹென்றி கிளாமன் குழு, கதிர்வீச்சால் எதிர்ப்புசக்தி அழிந்த எலிகளுக்குத் தைமஸ் செல்களை மட்டும் கொடுத்தது, பலன் சொற்பம். எலும்பு மஜ்ஜை செல்களை மட்டும் கொடுத்தது, அதுவும் சொற்பம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டின் கூட்டுத்தொகையைவிட அதிகம்! பாங்க் லாக்கருக்கு இரண்டு சாவி மாதிரி. 1968-ல் மில்லரும் அவருடைய மாணவர் மிட்செலும் மெல்போர்னில் முடிச்சை அவிழ்த்தார்கள்: ஆன்டிபாடி செய்வது மஜ்ஜையிலிருந்து வரும் செல், அதற்கு உதவுவது தைமஸ் செல். நமக்குப் பர்சா கிடையாது, ஆனாலும் 'பி' நிலைத்துவிட்டது.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு: குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும் ஹிப் கிருமியின் மேலுறை சர்க்கரைப் பொருளால் ஆனது. டி செல்லுக்கு அந்தச் சர்க்கரை புரியாது. துணையில்லாமல் கைக்குழந்தையின் பி செல் சரியாக வேலை செய்யாது. 1985-ல் வந்த முதல் ஹிப் தடுப்பூசி கைக்குழந்தைகளுக்கு உதவாமல் போனது இதனால்தான். அவர்களுக்குத்தானே ஆபத்து அதிகம்! பிறகு சர்க்கரையோடு ஒரு புரதத்தை ஒட்டினார்கள். பி செல் இரண்டையும் சேர்த்து விழுங்கி, புரதத் துண்டை டி செல்லுக்குக் காட்டும், உதவி கிடைத்துவிடும். அமெரிக்காவில் 1990-ல் கைக்குழந்தைகளுக்கு அனுமதி கிடைத்தது.

இந்திய அரசு அந்த ஹிப் மருந்து அடங்கிய ஐந்து-நோய் ஊசியை 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான். உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் 'பென்டா' என்று இருக்கும், பாருங்கள்.