தகடூரின் தூதும் கட்சிப் பகையும்

மக்களாட்சியில் கட்சி வேறுபாடு இயல்பானது. கட்சிப் பகை இயல்பானதன்று. வேறுபாடு பகையாக மாறும் இடத்தில் மெய்யியல் சிந்தனைக்கு ஏதேனும் பணி உண்டா என்னும் வினா அமெரிக்க நாட்டில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. அவ்வினாவை நாம் ஈண்டுத் தருமபுரி மாவட்டத்திலிருந்து கேட்க விழைகிறோம். இவ்வாறு கேட்பதற்குக் காரணங்கள் இரண்டு உள. ஒன்று சங்க காலத்தது. மற்றொன்று 2000ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி புலவர் பாட்டில் மட்டும் வாழ்ந்தவன் அல்லன். 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அவன் துறவியர் உறையக் குகைப் பள்ளி ஈந்ததைக் கூறுகிறது. இவன் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார் என்பது புறநானூற்றின் 95ஆம் பாடலுக்கு அமைந்த பழங்குறிப்பு. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குக் காட்டினான். இங்குள்ள வேல்கள் பீலியும் மாலையும் அணிந்து நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் இருக்கின்றன; எம் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்பது ஔவையாரின் மறுமொழியின் கருத்து.

புகழ்வது போலப் பழித்தல் என்று இப்பாடலைப் பள்ளியில் கற்பித்து முடித்துவிடுகின்றனர். அணியிலக்கணத்திற்கு அது போதும்; வரலாற்றிற்குப் போதாது. ஔவையார் நடுநிலையாளர் அல்லர். அதியமானின் உணவை உண்டவர். அவன் கொடுத்த நெல்லிக்கனியைப் பெற்றவர். அவனுடைய போர்களையும் பாடியவர். ஆயினும் எதிரியின் கொட்டிலுக்குள் அவர் செல்ல முடிந்தது; எதிரியும் அவரை உள்ளே அழைத்துச் சென்றான். கேட்பவன் சினங்கொள்ளாது சிந்திக்கத்தக்க சொல்லைத் தேர்ந்து அவர் பேசினார். பக்கம் சார்ந்திருத்தலும் எதிர்ப்பக்கத்தோடு பேசுதலும் ஒருவரிடத்திலேயே இருக்கக்கூடும் என்பதே இதில் நாம் காண்பது.

இதனினும் கடினமான பணி கோவூர் கிழாருக்கு வாய்த்தது. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்க, நெடுங்கிள்ளி உள்ளே கதவடைத்திருந்தான். இருவரும் சோழர். சேரனின் பனம்பூவோ பாண்டியனின் வேப்பம்பூவோ இங்கு இல்லை, இரு பக்கத்துக் கண்ணியும் ஆத்தியே. ஆகவே யார் தோற்றாலும் தோற்பது உம் குடியே என்று அவர் இருவருக்கும் எடுத்துரைத்தார். அக்காலத்தில் பகை எவ்வளவு ஐயத்தை விளைவித்தது என்பதற்கு மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர் கிழாரே இடைப்பட்டு அவனைக் காத்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவன் எவனும் ஒற்றனே என்னும் அந்த எண்ணம் இன்றும் நமக்குப் புதியதன்று!

தூது வென்றதாக வரலாறு கூறவில்லை என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. பின்னர்ச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்தான். அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூலும் சிதைந்து சில பாடல்களே எஞ்சியுள்ளன.

இனி அமெரிக்காவை நோக்குவோம். கட்சிப் பிணக்கின் காரணங்களை மனித இயல்பிலிருந்து நீக்க முடியாது, அதன் விளைவுகளையே கட்டுப்படுத்த முடியும் என்று ஜேம்ஸ் மாடிசன் 1787இல் எழுதினார். அவருக்குக் கல்லூரியில் ஆசானாக இருந்தவர் ஜான் விதர்ஸ்பூன் என்னும் பிரெஸ்பிட்டேரியன் போதகர். மாடிசனே சில ஆண்டுகளில் ஜெஃபர்சனோடு சேர்ந்து ஒரு கட்சியைத் தோற்றுவித்தார் என்பது வேறு! உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச் 4ஆம் நாள், ஆபிரகாம் லிங்கன் ஆற்றிய உரை இவ்வகையில் இன்னும் ஆழமானது. இரு திறத்தாரும் ஒரே வேதத்தை வாசித்து ஒரே கடவுளிடம் ஒருவருக்கு எதிராக ஒருவர் வேண்டினர். எவருடைய வேண்டுதலும் முழுமையாக நிறைவேறவில்லை என்றார் அவர். கோவூர் கிழார் கண்ட ஆத்திக் கண்ணியை இங்கும் காண்கிறோம். ஆயினும் இரு பக்கமும் சமம் என்று லிங்கன் சொல்லிவிடவில்லை. அடிமை முறையே குற்றம் என்பதை வெளிப்படையாகக் கூறிய பின்னரே, அக்குற்றத்தில் தம் பக்கத்திற்கும் பங்குண்டு என்றார்.

லிங்கனைப் பெரிதும் மதித்த ரைன்ஹோல்ட் நீபர் 1915 முதல் 1928 வரை டெட்ராய்ட்டில் போதகராக இருந்தவர். தொழிற்சாலைகள் நிறைந்த அந்நகரில் தாம் கண்டவற்றின் பின்னணியில், 1932இல் வெளியிட்ட நூலில், தனி மனிதர் தம் நலனைக் கடந்து பிறரை எண்ணக்கூடும், குழுக்களுக்கோ அது மிக அரிது என்று வாதிட்டார். தன் குழுவுக்காகத் தன்னைக் கொடுப்பவனின் தன்னலமின்மையே குழுவின் தன்னலத்திற்கு உரமாகிறது என்பது அவருடைய கூர்மையான கருத்து. கட்சித் தொண்டனை அறிந்தவர் எவரும் இதனை மறுக்கார்.

2000 பிப்ரவரி 2ஆம் நாள் ஜெயலலிதாவுக்கு ஒரு வழக்கில் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. (அவ்வழக்கில் அவர் பின்னர் விடுவிக்கப்பட்டார்.) அன்று தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா வந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்துக்கு அ.இ.அ.தி.மு.க.வினர் தீ வைத்தனர். மூன்று மாணவியர் எரிந்து மாண்டனர். அவர்களுக்கும் அவ்வழக்கிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவர்கள் எப்பக்கத்துக் கண்ணியையும் சூடியிருக்கவில்லை. 2007இல் மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2016இல் அதே நீதிமன்றம், கும்பல் வெறியில் அவர்கள் நிதானம் இழந்தனர் என்று கருதித் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018 நவம்பரில், தம் கட்சியே ஆட்சியிலிருந்த காலத்தில், அவர்கள் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர். அவ்விடுதலையும் கட்சிச் சர்ச்சையாயிற்று.

தண்டனைக் குறைப்பு சரியா தவறா என்பது நம் பொருள் அன்று. மரண தண்டனை நீங்கியதற்கு நாம் வருந்தவும் இல்லை. ஆனால் கும்பல் என்று ஒன்றைச் சுட்டியவுடன் குற்றம் எவருடையதும் அல்லாததாகிவிடுகிறதா என்று இறையியல் மாணவர் கேட்டேயாக வேண்டும். குழுவின் இயல்பு மனிதனை எவ்வளவு கீழே இழுக்கும் என்று நீபர் காட்டியது உண்மை. அவனுக்குப் பொறுப்பில்லை என்று அவர் சொல்லவில்லை.

தேர்தல் காலத்தில் நம் சபைகளிலும் ஒரே திருவிருந்துப் பந்தியில் அமர்வோர் வெளியே வந்தபின் ஒருவர் வீட்டுத் திருமணத்திற்கு மற்றவர் செல்லாதிருப்பதை நாம் அறிவோம். இவ்விடத்தில் ஆயர் பலர் மேற்கொள்வது மௌனம். அதனை நடுநிலை என்று அழைக்கின்றனர். ஔவையாரின் வழி அதுவன்று. பவுல் தம் பணியைக் குறிக்க எழுதிய சொல்லைப் பழைய தமிழ் வேதாகமம் ஸ்தானாபதி என்று பெயர்த்துள்ளது. ஸ்தானாபதியாகிய தூதனுக்கு அனுப்பியவர் ஒருவர் உண்டு. சொல்ல வேண்டிய செய்தியும் உண்டு. அவன் போக வேண்டிய இடம் மாற்றாருடைய கொட்டில்.