பிளேட்டோ கணினி அமைப்பும் அயல்மொழிக் கற்பித்தலும்

பிளேட்டோ என்பது அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்தில் 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கணினிவழிக் கற்பித்தல் அமைப்பாகும். கிரேக்க மெய்யியலாளரை நினைவூட்டினாலும், இது ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் அமைந்த பெயர். டொனால்ட் பிட்சர் என்னும் மின்பொறியாளர் இதை உருவாக்கினார். தொடக்கத்தில் இல்லியாக் கணினியில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பயில முடிந்தது. 1972இல் வந்த நான்காம் பதிப்பு நூற்றுக்கணக்கான முனையங்களை ஒரே கணினியுடன் இணைத்தது. பல்கலைக்கழகத்தின் மொழித் துறைகள் இதைப் பெரிதும் பயன்படுத்தின.

பின்புலம்

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கர்களுக்கு அயல்மொழிக் கல்வியில், சிறப்பாக உருசிய மொழியில், அக்கறை பிறந்தது. 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வழங்கிய நிதியில் ஒலிநாடா மொழி ஆய்வகங்கள் பெருகின. மாணவர் காதணியில் கேட்டதைத் திருப்பிச் சொல்வார். சொன்னது சரியா தவறா என்பதை நாடா அறியாது. தவறாகச் சொல்லிப் பழகியவர் அந்தத் தவற்றிலேயே தேர்ச்சி பெற்றுவிடும் வாய்ப்பும் இருந்தது.

பிளேட்டோவில் மொழிப் பாடங்கள்

இந்தக் குறையைத்தான் பிளேட்டோ ஒருவாறு தீர்த்தது. பால் டென்சார் 1967இல் வடிவமைத்த டியூட்டர் என்னும் நிரல்மொழியில், நிரலாக்கம் அறியாத ஆசிரியரும் சில வாரப் பயிற்சியில் பாடம் எழுத முடிந்தது. மாணவர் ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்தால், கணினி அதைச் சொல் சொல்லாக ஒப்பிட்டு, எழுத்துப் பிழையையும் இடம் மாறிய சொல்லையும் அந்தந்தச் சொல்லின் கீழேயே குறியிட்டுக் காட்டும். நாற்பது நோட்டுகளைத் திருத்திய எந்த ஆசிரியருக்கும் இதன் அருமை விளங்கும். திருத்தம் மறுவாரம் வராமல், பிழை செய்த அந்த நொடியிலேயே கிடைத்தது.

ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரை, தொடு உணரி ஆகியவற்றுடன், ஆசிரியரே வடிவமைக்கக்கூடிய 126 எழுத்துருக்களுக்கும் முனையத்தில் இடம் இருந்தது. ஆகவே உருசிய எழுத்துகளும், வலமிருந்து இடமாக எழுதப்படும் எபிரேயமும் திரையில் வந்தன. கான்ஸ்டன்ஸ் கர்ட்டின் உருசியப் பாடங்களையும், மொழி ஆய்வகத் துறையில் முன்பே பெயர் பெற்றிருந்த ஃபெர்னான் மார்ட்டி பிரெஞ்சுப் பாடங்களையும் எழுதினர். இலத்தீன், எசுப்பெராண்டோ பாடங்களும் இருந்தன.

எனினும் ஆசிரியர் முன்கூட்டி எண்ணிப் பார்த்த விடைகளையே கணினி ஏற்றது. மாணவர் வேறொரு நல்ல வாக்கியத்தை எழுதினால் அது பிழையெனத் தள்ளப்படலாம். பேச்சிலோ நிலை இன்னும் மோசம். காற்றழுத்தத்தால் இயங்கிய காந்தத் தட்டு ஒலிக்கருவி விலை மிக்கது. மாணவரின் உச்சரிப்பை மதிப்பிடவும் அதனால் இயலாது. நாடா பேசியது, திருத்தவில்லை. கணினி திருத்தியது, ஆனால் காது கேளாதது. எனவே வாசிப்பு, இலக்கணம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் பிளேட்டோ பயன்பட்டது. உரையாடல் வகுப்பறையிலேயே தங்கியது.

வீழ்ச்சி

1976இல் கன்ட்ரோல் டேட்டா நிறுவனம் இதை வணிகப்படுத்தியது. பெருங்கணினியும் தொலைபேசி இணைப்பும் கேட்ட செலவு, 1980களில் மலிவான தனிக் கணினிகளின் முன் எடுபடவில்லை. டியூட்டரில் எழுதிய பாடங்கள் அவற்றில் நேரடியாக ஓடவும் இல்லை. ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிய பயிற்சிகள் பலவும் இயந்திரத்தோடு முடங்கின. பழைய அமைப்பைப் போலி இயக்கி வழியே உயிர்ப்பிக்கும் சைபர்1 என்னும் தன்னார்வத் திட்டத்தில் பழைய பாடங்கள் பலவற்றை இன்றும் திறந்து பார்க்க முடிகிறது.