ஹாலேயின் அச்செழுத்து முதல் லினக்ஸ் பணிமேடை வரை: லைப்சிக்கிலிருந்து தமிழ் அமைப்புத் தேர்வுகளைக் காணல்

தமிழ்க் கணிமையின் வரலாறு பெரும்பாலும் மாநாடுகளின் வரலாறாகவும் தரப்பாடுகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. 1997இல் சிங்கப்பூரில் கூடிய முதல் மாநாடு, 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாடு, அதனையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, 2009இல் கொலோன் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழிணைய மாநாடு, 2010இல் ஒருங்குறியை ஏற்ற அரசாணை என்று அவ்வரலாறு நகர்கிறது. குழுக்கள் எதனைத் தீர்மானித்தன என்பதை அது நன்கு சொல்கிறது. தீர்மானங்களுக்குப் பின் ஒருவர் தம் கணினியில் எதனை அமைத்துக்கொண்டார் என்பதை அது சொல்வதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் வரைகலைப் பணிச்சூழலைக் கொண்டு இவ்விரண்டாம் வினாவை அணுக இக்கட்டுரை முற்படுகிறது. அச்சூழலுக்குத் தமிழில் மேசைத்தளம், மேல்மேசை, பணிமேடை எனப் பல பெயர்கள் வழங்கியுள்ளன. இங்குப் பணிமேடை என்பதே ஆளப்படுகிறது.

நிலைக்களனாக லைப்சிக்கைக் கொண்டதற்குக் காரணம் உண்டு. தமிழெழுத்தை வேற்று நாட்டுக் கருவிக்குப் பொருத்தும் முயற்சிக்கு அவ்வட்டாரத்தில் முந்நூறாண்டுப் பழமை இருக்கிறது. லைப்சிக்கை அடுத்துள்ள ஹாலேயில் வார்க்கப்பெற்ற தமிழ் அச்செழுத்துகள் 1713இல் தரங்கம்பாடியை அடைந்தன. அவை அளவிற் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. பின்னர்த் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. எழுத்தின் அளவைப் பயன்படுத்துவோரே மாற்றியமைத்துக்கொண்ட செயல் இது. லைப்சிக் மிஷனின் இயக்குநராக இருந்த கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை இந்தியப் பயணம் மேற்கொண்டு திரும்பியபின், தம் ‘பிப்லியோதெக்கா தமுலிகா’ வரிசையை 1854இல் லைப்சிக்கில் தொடங்கினார். அதில் 1855இல் கைவல்லிய நவநீதமும், 1856இல் திருக்குறளின் செருமானிய மொழிபெயர்ப்பும், அவர் மறைவுக்குப் பின் 1865இல் குறளின் தமிழ் மூலமும் இலத்தீன் மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. அந்நூல்கள் இன்றும் நூலகங்களில் உள்ளன. அச்சுக்கோப்பாளர் எழுத்துப் பெட்டியின் அறைகளில் தமிழெழுத்துகளை எவ்வரிசையில் இட்டார் என்பதை நூல்கள் காட்டமாட்டா. கருவியால் ஆன பொருள் எஞ்சுகிறது. கருவியைக் கையாண்டோர் செய்துகொண்ட ஒழுங்கு எஞ்சுவதில்லை.

லினக்ஸ் பணிமேடைகளுள் முதன்மையான ஒன்றாகிய கேடிஇயும் செருமனியில் பிறந்ததே. டியூபிங்கன் பல்கலைக்கழக மாணவராக இருந்த மத்தியாஸ் எட்ரிக் 1996 அக்டோபர் 14 அன்று அதற்கான அழைப்பை விடுத்தார். ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு விதமாகத் தோன்றி வேறுவேறு விதமாக இயங்கியதே அவருடைய குறை. ஒருமைப்பாட்டுக்காகப் பிறந்த அச்சூழல், எதனையும் பயனர் விருப்பப்படி மாற்றத்தக்கது என்ற பெயரையே பிற்காலத்தில் பெற்றது. 1997இல் தோன்றிய க்னோம் நேர்மாறாகச் சென்றது. அமைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு, தேவையற்ற தெரிவுகளைக் குறைக்க வேண்டும் என்ற கருத்து 2002இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பையொட்டி வலுப்பெற்றது. 2011இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது பழைய வடிவை இழக்க விரும்பாதோர் மேட் என்னும் கிளையைத் தொடங்கினர். இப்பூசலில் எத்தரப்பு சரி என்பது நம் வினாவன்று. ஆயினும், தெரிவுகளைக் குறைக்கும்போது முதலில் சுமையாகத் தோன்றுவன சிறுபான்மையோர் பயன்படுத்தும் தெரிவுகளே என்பதைத் தமிழ்ப் பயனர் மறக்கலாகாது.

விசைப்பலகை அமைப்புப் பட்டியலே இதற்கு நல்ல சான்று. லினக்ஸ் பணிமேடைகள் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் விசை அமைவுத் தொகுப்பில் ‘இந்தியா’ என்ற தலைப்பின்கீழ்த் தமிழுக்கு இன்ஸ்கிரிப்ட் அமைவு உண்டு, தமிழ்99 உண்டு, தமிழ் எண்களோடு கூடிய தமிழ்99 உண்டு, டேப் குறியேற்றத்துக்குரிய தமிழ்99உம் திஸ்கி குறியேற்றத்துக்குரிய தமிழ்99உம் தனித்தனியே உண்டு. ‘இலங்கை’ என்ற தலைப்பின்கீழும் தமிழ் அமைவுகள் இருக்கின்றன. வேறொரு உள்ளீட்டுத் தொகுப்பில் இலங்கை வழக்கான ரெங்கநாதன் அமைவும், தட்டச்சுப்பொறி அமைவும், ஒலிபெயர்ப்பு முறையும் கிடைக்கின்றன. குறியேற்றப் போட்டியில் ஒருங்குறி வென்று ஆண்டுகள் பல கழிந்தபின்னும் தோற்றவற்றின் பெயர்கள் பட்டியலில் நிற்கின்றன. அகழாய்வுக் குழியின் மண்ணடுக்குகளைப்போல அவற்றைப் படிக்கலாம். கேடிஇ சார்ந்து நிற்கும் க்யூட்டி நூலகத்தின் மூன்றாம், நான்காம் பதிப்புகளிலும் திஸ்கி மாற்றிக்கெனத் தனிக்கூறு ஒன்று இருந்தது.

இப்பட்டியலிலிருந்து லைப்சிக்கில் ஒருவர் தமிழ்99ஐத் தெரிவு செய்தால் நிகழ்வது என்ன? செருமானிய விசைப்பலகையில் ஒய், இசட் ஆகிய இரண்டும் ஆங்கிலப் பலகையோடு ஒப்பிட இடம் மாறியவை. விசையின் இருப்பிடத்தைக் கொண்டு இயங்கும் அமைவில், இசட் எனப் பொறிக்கப்பட்ட விசை ளகரத்தைத் தரும். ஒய் எனப் பொறிக்கப்பட்டது ஔகாரத்தைத் தரும். செருமானியத்தின் தனி அடையாளமாகிய மேற்புள்ளி உயிர்கள் மூன்றும் இருக்குமிடத்தில் சகர, நகர, யகரங்கள் அமர்கின்றன. சிறுகோட்டுக்குரிய விசை ழகரத்தைத் தருகிறது. விரல் பழகியவருக்கு இதனால் இடர் இல்லை. பலகையைப் பார்த்துத் தட்டுபவருக்குப் பொறிப்பு முழுதும் பொய்யாகிறது.

இன்னொரு வகை உள்ளீடு விசையின் இருப்பிடத்தைப் பாராமல் அது தரும் எழுத்தையே பார்க்கிறது. அங்கு அடிப்படை அமைவைச் செருமானியமாகவே விட்டுவிட்டால் தமிழ்99இன் ஒழுங்கு குலைகிறது. ஒலிபெயர்ப்பு முறையோ பொறிப்பின்படி செவ்வனே இயங்குகிறது. ஒரே நாளில் செருமானியக் கடிதமும் தமிழ்க் கட்டுரையும் எழுத வேண்டியவர் எதனைத் தெரிவு செய்கிறார் என்பது அவர் தட்டச்சை எங்குக் கற்றார், எத்தலைமுறையினர், தமிழை உரோமன் எழுத்தின் வழி நினைக்கிறாரா என்பனவற்றைக் காட்டிவிடும்.

ஆய்வாளர்க்கு மூன்றாவது தேவையும் உண்டு. மொழியியற் கட்டுரைகளில் வரியிடைக் குறிப்புகளுக்கு நாம் பின்பற்றும் ‘லைப்சிக் விதிகள்’ பத்தும் அந்நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன மொழியியல் துறையும் லைப்சிக் பல்கலைக்கழகமும் உருவாக்கியவை. அவற்றின்படி தமிழ்த் தொடரை உரோமன் எழுத்தில் தருபவர் ழகர, றகர, னகரங்களுக்கு அடிக்கோடிட்ட எழுத்துகளை இட வேண்டும். இதற்கென லினக்ஸ் பயனர் தம் இல்லக் கோப்புறையில் கூட்டுவிசைக் கோப்பு ஒன்றை எழுதி, எந்த இரு விசைகள் சேர்ந்தால் எவ்வெழுத்து வரவேண்டும் என்று தாமே விதித்துக்கொள்ளலாம். தமிழ்ப் பேரகராதியின் ஒலிபெயர்ப்பு மரபு சில வரிகளில் அடங்கிய தனிமனித இலக்கணமாக அங்கு மாறுகிறது.

இத்தகைய கோப்புகள் ஆவணக்காப்பகத்துக்கு வருவதில்லை. அவற்றின் பெயர்கள் புள்ளியில் தொடங்குவதாலோ, அத்தகைய கோப்புறைக்குள் இருப்பதாலோ இயல்பான பட்டியலில் கண்ணுக்குப் புலப்படா. எழுத்தாளர் ஒருவரின் வன்வட்டு நூலகத்துக்குக் கொடையாக வரும்போதும் கட்டுரைக் கோப்புகளே படியெடுக்கப்படும். அமைப்புக் கோப்புகள் குப்பையெனக் கருதப்படும். பதிப்பு மாற்றங்களும் அவற்றை அழிக்கின்றன. 2008 ஜனவரியில் கேடிஇ நான்காம் பதிப்புக்கு மாறியபோது மேடையின் கட்டுமானமே புதிதாக எழுதப்பட்டது. க்னோம் தன் அமைப்புகளை நேரடியாகப் படிக்கவியலாத இருமத் தரவுத்தளத்தில் வைக்கிறது. கேடிஇ எளிய உரைக்கோப்பில் எழுதி வைப்பதால் வரலாற்றாசிரியர்க்கு அதுவே உதவும்.

அவ்வாறான ஒரு கோப்பில் விசை அமைவுகளுக்கென இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில் நாட்டுக் குறியீடுகள், அடுத்த வரியில் அவற்றின் உட்பிரிவுகள். செருமனி முன்னும் இந்தியா பின்னும் நின்றால் அவருடைய பணிமேடை செருமானிய விசைகளோடு திறக்கிறது, தமிழுக்கு அவர் மாறிச் செல்கிறார். வரிசை மாறி நின்றால், லைப்சிக்கின் அறையொன்றில் கணினி தமிழோடு திறந்து, செருமானியத்துக்கே மாற வேண்டியிருக்கிறது.